இரவுக் கிளார்ஜினைக் காலைக்கு மாற்றினால் பிற்பகல் சர்க்கரை அடங்குமா?

தாம்பரம்_லோக்கல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முதல் வகை நீரிழிவு. முப்பது வயதைக் கடந்த பிறகுதான் தெரியவந்தது. எடை 52 கிலோ. இரவு 8 மணிக்குக் கிளார்ஜின் (நாள் முழுவதும் மெல்ல வேலை செய்யும் இன்சுலின்) 12 யூனிட் போட்டுக்கொள்கிறேன். மூன்று வேளை உணவுக்கும் முன்னால் அஸ்பார்ட் (உணவுக்கான விரைவு இன்சுலின்). காலையில் எழும்போது சர்க்கரை 110 முதல் 130 வரை இருக்கிறது. காலை உணவுக்குப் பிறகும் பெரிய தொல்லை இல்லை. கிண்டியில் உள்ள அலுவலகத்தில் மதியம் 1 மணிக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுகிறேன். 3 மணிக்குப் பார்த்தால் 150-க்குள் நிற்கிறது. அதன் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மாலை 7 மணிக்கு ரயிலை விட்டு இறங்கும்போது 220-ஐத் தாண்டிவிடுகிறது.

அண்மையில் சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். மதியத்திலிருந்து ஏறத்தாழச் சமமாக வரும் கோடு, மூன்றே முக்கால் மணி வாக்கில் தலைதூக்கி, இரவு ஊசி போடும் வரையில் இறங்காமலே ஏறுகிறது. கிளார்ஜினை இரவிலிருந்து காலைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொல்கிறார். மருத்துவரைப் பார்ப்பதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

நெறியாளர்

வழக்கமான நினைவூட்டல்: இங்கு யாரும் மற்றவருக்கு யூனிட் அளவு பரிந்துரைக்க வேண்டாம். அனுபவத்தையும் விளக்கத்தையும் எழுதலாம்.

அண்ணாநகர்_மேற்கு

என் அம்மாவுக்கு இதே கிளார்ஜின்தான். இரவில் போட்டுக்கொண்டிருந்தவரைக் காலைக்கு மாற்றியதும் எல்லா வேளையும் கட்டுக்குள் வந்துவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை

நான் நீரிழிவுக் கல்வியாளராகப் பணியாற்றுகிறவள். அண்ணாநகர் நண்பரின் அம்மாவுக்குப் பலன் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அவருக்கு இருப்பது இரண்டாம் வகை என்று ஊகிக்கிறேன். அவருடைய கணையம் இன்னமும் ஓரளவு இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். போட்டுக்கொள்ளும் ஊசி சில மணி நேரம் வலுக்குறைந்தாலும் அந்தச் சொந்தச் சுரப்பு தாங்கிக்கொள்ளும். முதல் வகையில் அந்தத் தாங்கல் கிடையாது. ஊசி ஓய்ந்தால் சர்க்கரை ஏறுவது அப்படியே வெளியில் தெரியும்.

கிளார்ஜின் 24 மணி நேரம் வேலை செய்யும் என்பது பொதுவான கணக்கு. ஊசிப் பேனாவுக்குள் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும் அந்த மருந்து, தோலுக்கடியில் உடலின் நடுநிலையான சூழலைத் தொட்டவுடன் நுண்ணிய படிவுகளாக மாறி, அங்கிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. போடும் அளவு குறைவாக இருந்தால் படிவும் குறைவு, அது தீர்ந்துபோகும் நேரமும் முந்திவிடலாம். நீங்கள் போடுவது கிலோவுக்கு 0.23 யூனிட், இந்த அளவில் சிலருக்கு 20 மணி நேரத்திலேயே வலு குறையத் தொடங்கும். இரவு 8 மணியிலிருந்து 20 மணி நேரம் எண்ணிப் பாருங்கள், மறுநாள் மாலை 4 மணி வருகிறது. உங்கள் கோடு தலைதூக்குவதும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான். ஆகவே நீங்கள் ஐயப்படுவதில் நியாயம் உண்டு.

இருப்பினும் ஐயத்தை மட்டும் நம்பி நேரத்தை மாற்றக் கூடாது. பிற்பகல் ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. மதியம் 1 மணிக்குப் போட்ட அஸ்பார்ட் 5 மணி வாக்கில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சோற்றோடு பொரியல், வறுவல், முட்டை என்று கொழுப்பும் புரதமும் கூடுதலாகப் போனால், அதனால் வரும் ஏற்றம் உண்ட பிறகு நான்கைந்து மணி நேரம் கழித்தும் தொடரும். அலுவலகத்தில் 4 மணிக்கு வரும் தேநீரையும் பிஸ்கட்டையும் பலர் உணவுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இவையெல்லாம் இல்லாத ஒரு பிற்பகலைப் பார்த்தால்தான், பின்னணியில் இருக்கும் இன்சுலின் மட்டும் என்ன செய்கிறது என்று தெரியும்.

அதற்கு வழி, மதிய உணவைத் தவிர்த்துச் செய்யும் பேசல் (பின்னணி இன்சுலின்) சோதனை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி, ஒப்புதல் பெற்றுக்கொண்டு, வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் செய்யுங்கள். காலை 7.30 மணிக்கு வழக்கமான உணவும் அதற்குரிய அஸ்பார்ட்டும் எடுத்துக்கொண்டால் 11.30 மணிக்குள் அதன் வேலை முடிந்திருக்கும். நண்பகலிலிருந்து இரவு ஊசி நேரம் வரையில் தண்ணீர் மட்டும் குடியுங்கள். காபி சர்க்கரை போடாவிட்டாலும் வேண்டாம்; சிலருக்கு அதுவே ஏற்றிவிடும். மணிக்கொரு முறை விரலில் குத்திப் பாருங்கள். 30 புள்ளிகள் வரையிலான ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 70-க்குக் கீழே இறங்கினாலோ 250-ஐத் தாண்டினாலோ சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு உரியதைச் செய்ய வேண்டும். முதல் நாள் தாழ்சர்க்கரை வந்திருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும், மாதவிடாயை ஒட்டிய நாட்களானாலும் தள்ளிப்போடுங்கள். கருவுற்றிருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது.

ராயபுரம்_பழையவர்

எனக்கு இரண்டாம் வகை. மூச்சிரைப்புக்காகக் காலையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரை 300-ஐத் தொட்டது. விடியற்காலையில் பார்த்தால் 90. மாலை எண்ணைப் பார்த்துப் பயந்து இரவுக் கிளார்ஜினைக் கூட்டிக்கொண்டே போனதில், அதிகாலை மூன்றரை மணிக்கு வியர்த்துக் கொட்டி எழுந்ததுதான் கண்ட பலன். காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும், இரவில் அடங்கிவிடும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். மாத்திரையோடு சேர்த்துக் காலையில் என்.பி.எச். என்ற நடுத்தர நேர இன்சுலினைப் போடச் சொன்னார், அந்த இன்சுலினின் உச்சம் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குவதால் ஸ்டீராய்டின் ஏற்றத்தோடு பொருந்திவருகிறது. டென்மார்க்கின் ஹேகடோர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து 1946-இல் வந்த பழைய சரக்கு அது. இந்த வேலைக்குப் புதிய சரக்கைவிட அதுவே பொருத்தமாக இருக்கிறது.

பேராசிரியர் விசுவநாதன் நீரிழிவுக்கென்றே 1954-இல் மருத்துவமனை தொடங்கிய பேட்டை எங்களுடையது. நிபுணர்களுக்குப் பஞ்சமில்லாத இந்த நகரத்தில், மருந்துக்கடை வாசலில் கேட்ட யோசனையை வைத்து ஊசி நேரத்தை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அம்மா, நீங்கள் வேறு ஏதேனும் மாத்திரை எடுக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். மூட்டு வலிக்காகப் போடும் ஊசியில்கூட ஸ்டீராய்டு இருக்கக்கூடும்.

தாம்பரம்_லோக்கல்

நன்றி ஐயா. தைராய்டு மாத்திரை தவிர வேறெதுவும் எடுக்கவில்லை. ஊசிமுனை அவர்களுக்கும் நன்றி. மருத்துவமனையில் கேட்டுவிட்டுச் சோதனையைச் செய்துபார்க்கிறேன்.

வியாசர்பாடி_மகன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 68 வயது. அரசு மருத்துவமனையில் கொடுக்கும் 30/70 இன்சுலினைக் காலை 24, இரவு 16 என்று போடுகிறோம். அவருக்கும் மதியம் 3 மணிக்கு 260, 280 என்றுதான் வருகிறது. அவருடைய ஊசியையும் நேரம் மாற்றிப் போடலாமா?

மருந்துச்சீட்டு

தம்பி, நான் மருந்தாளுநர். உங்கள் அப்பாவின் ஊசி இந்த இழையில் பேசப்படும் ஊசி அல்ல. 30/70 என்பதில் முப்பது பங்கு விரைவில் வேலை செய்யும் ரெகுலர் இன்சுலின், எழுபது பங்கு என்.பி.எச். அதை உணவோடு கட்டித்தான் போட வேண்டும். உண்பதற்கு அரை மணி நேரம் முன்னால். ஊசியை மட்டும் பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ தள்ளினால் காலை இட்லிக்கு இன்சுலின் இருக்காது, மாலையில் சாப்பிடாத நேரத்தில் என்.பி.எச். உச்சத்துக்கு வந்து சர்க்கரையைக் கீழே தள்ளும். காலை ஊசியில் உள்ள என்.பி.எச். பகுதிதான் அவருடைய மதியச் சோற்றைத் தாங்குகிறது. அது போதவில்லை என்றால் சோற்றின் அளவைப் பார்க்க வேண்டும், அல்லது மதியத்துக்குத் தனி ஊசி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

கேட்காமலே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 30/70 குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் வலிமையில் வருகின்றன. அவற்றுக்குச் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சு. கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். ஒரே வீட்டில் இரண்டும் இருந்து, நூறு யூனிட் மருந்தை நாற்பது யூனிட் சிரிஞ்சில் எடுத்துவிட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். அதனால்தான் யாராவது "ஊசியை மாற்றச் சொன்னார்கள்" என்று கடைக்கு வந்தால் நான் முதலில் சிரிஞ்சைக் காட்டச் சொல்வேன்.

இரண்டாவது, அப்பாவின் வயிற்றில் ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. அவரைப் படுக்கவைத்து, விரல் நுனிகளால் தொப்புளுக்கு இருபுறமும் மெல்ல அழுத்தி நகர்த்தினால், வழக்கமாகக் குத்துகிற இடத்தில் தோலுக்கடியில் கட்டியாகவோ தடித்தோ கைக்குத் தட்டுப்படுகிறதா என்று தெரியும். வலிக்காது என்பதால் பலர் அந்த இடத்தையே விரும்பிக் குத்துவார்கள். அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் தாமதமாகவும் ஒருநாள் அரைகுறையாகவும் உறிஞ்சப்படும்.

இழையைத் தொடங்கிய சகோதரிக்கு ஒன்று: கத்திரி வெயிலில் கைப்பையில் வைத்துச் செல்லும் பேனா கெட்டுவிட்டதோ என்ற கேள்வி எழக்கூடும். பயன்பாட்டில் உள்ள கிளார்ஜின் பேனாவை 30 டிகிரிக்கு மேல் போகாமல் 28 நாள் வரையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்து வீரியம் இழந்திருந்தால் விடியற்காலை எண்ணும் சேர்ந்து உயரும். உங்களுக்குக் காலையில் 110 வருவதால் பேனாவைச் சந்தேகிக்கக் காரணமில்லை.

குழந்தைக்கு_ஊசி

சகோதரி, என் மகளுக்குப் பத்து வயது, முதல் வகை. அவளுக்கும் கிளார்ஜின் முழு நாளைக்கு வரவில்லை. குழந்தைகளுக்குப் போடும் அளவு மிகக் குறைவு அல்லவா. முதலில் டாக்டர் அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். பிறகு டெக்லுடெக் என்ற வேறொரு நீண்ட நேர இன்சுலினுக்கு மாற்றினார். அது 42 மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்கிறது என்பதால், அன்றாடம் போடும்போது ஒன்றின் மேல் ஒன்று படிந்து, மூன்று நான்கு நாளில் ஒரே சீராக வந்துவிடுகிறது. அந்த மருந்தில் காலையா இரவா என்பதற்குப் பெரிய பொருளில்லை. ஆனால் அளவை மாற்றினாலும் விளைவு தெரிய அத்தனை நாள் காத்திருக்க வேண்டும். விளையாட்டு விழா இருக்கும் நாளுக்கு மட்டும் குறைப்பது நடக்காது. பள்ளி நடத்துகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது தனிக் கதை.

தாம்பரம்_லோக்கல்

சனிக்கிழமை சோதனை செய்தேன். மதிய உணவும் இல்லை, தேநீரும் இல்லை. எண்கள் இவை:

நண்பகல் 12 மணி – 121
1 மணி – 118
2 மணி – 115
3 மணி – 119
4 மணி – 138
5 மணி – 164
6 மணி – 187
7 மணி – 203

மறு வாரமும் செய்தேன். எண்கள் சற்று வேறுபட்டாலும் ஏற்றம் அதே நேரத்தில்தான் தொடங்கியது. அப்படியானால் காலைக்கு மாற்றிவிடலாம் என்றுதானே பொருள்?

ஊசிமுனை

மூன்று மணி வரையில் கோடு அசையவில்லை, அதன் பிறகு நான்கு மணி நேரத்தில் 84 புள்ளிகள். வயிற்றில் உணவும் இல்லை, உணவுக்கான ஊசியும் இல்லை. கிளார்ஜின் 19, 20 மணி நேரத்தில் வலுக்குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

ஆனால் அதிலிருந்து காலைக்கு மாற்றலாம் என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். ஊசியின் ஆயுள் 20 மணி நேரம் என்றால், எந்த நேரத்தில் போட்டாலும் நான்கு மணி நேரம் காலியாகத்தான் இருக்கும். நேரத்தை மாற்றும்போது அந்தக் காலி இடம் நகர்ந்துபோகிறது, நிரம்புவதில்லை. காலை 8 மணிக்குப் போட்டால் அது அதிகாலை 4 மணி முதல் 8 மணி வரை விழும். விடியலுக்கு முன்னால் கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடி, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும் நேரம் அதுதான். இன்று மாலை 7 மணிக்கு 203 என்று பார்ப்பதை, அப்போது காலையில் எழுந்தவுடன் பார்ப்பீர்கள். அதன்மேல் காலை உணவும் ஏறும். சென்சாரில் அதிகாலை 3 மணி முதல் 6 மணி வரையிலான பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரவு ஊசி முழு வலுவோடு இருக்கும்போதே அங்கே சிறிது மேல்நோக்கிய சாய்வு இருந்தால், காலை மாற்றம் உங்களுக்கு ஏற்றதல்ல.

விடியலில் ஏற்றம் இல்லாதவர்களுக்கு நேர மாற்றம் நல்ல வழியாக அமைவதும் உண்டு. காலி இடத்தை, உணவு ஊசி வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்துக்குள் தள்ளிவிடுகிற உத்தியும் உண்டு. உதாரணமாக மாலை 6 மணிக்குப் போட்டால் பிற்பகல் 2 மணிக்கே வலுக்குறையும், அங்கே மதிய அஸ்பார்ட் ஓரளவு தாங்கும். ஆனால் விடுமுறை நாளில் மதிய உணவு மூன்று மணிக்குப் போனால் கணக்குக் கலைந்துவிடும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அண்ணாநகர்_மேற்கு

இவ்வளவு சுற்ற வேண்டுமா? 12 யூனிட் போதவில்லை என்பதுதானே செய்தி? 14 அல்லது 15 ஆக்கினால் நேரமும் நீளும், மாலைச் சர்க்கரையும் குறையும்.

ஊசிமுனை

அளவைக் கூட்டினால் நேரம் ஓரளவு நீளும் என்பது உண்மை. ஆனால் கூட்டிய யூனிட் மாலை நேரத்தில் மட்டும் வேலை செய்வதில்லை, பின்னிரவிலும் வேலை செய்யும். விடியற்காலை 110 இருக்கிறவருக்கு இரண்டு மூன்று யூனிட் கூட்டினால், மாலை 203 என்பது 180 ஆவதற்கு முன்னால் பின்னிரவு 60 ஆகிவிடலாம். ராயபுரத்து ஐயாவுக்கு மூன்றரை மணிக்கு நேர்ந்தது அதுதான். பேசல் அளவை முடிவு செய்வது உண்ணாத நேரத்து எண்கள். நாளின் மிக உயர்ந்த எண்ணைத் துரத்திக்கொண்டு அதைக் கூட்டக் கூடாது. இரண்டாம் வகையிலும் இதே தவறு நிறைய நடக்கிறது. மதியச் சோற்றால் வரும் 280-ஐ இரவு ஊசியால் அடக்க முயன்று, கிலோவுக்கு 0.5 யூனிட்டைத் தாண்டிய பின்னும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எல்லைக்கு மேல் போகும்போது, சிக்கல் பேசலில்தான் இருக்கிறதா என்று மருத்துவர்கள் நின்று யோசிப்பார்கள்.

தாம்பரம்_லோக்கல்

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றதால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்தது. அதிகாலை 3 மணிக்குப் பிறகு எனக்குச் சாய்வு இருப்பதைச் சென்சார் படத்திலேயே காட்டினார். எனவே காலைக்கு மாற்றுவது இல்லை என்றாகிவிட்டது. டெக்லுடெக் பற்றியும் கேட்டேன். அதைப் பயன்படுத்தலாம், ஆனால் கையில் இருக்கும் மருந்திலேயே முதலில் முயல்வோம் என்றார். இப்போது அதே 12 யூனிட்டை இரண்டாகப் பிரித்து, காலை 8 மணிக்கு 5, இரவு 8 மணிக்கு 7. இரவுப் பங்கு கூடுதலாக இருப்பது விடியல் ஏற்றத்துக்காக. கிளார்ஜினையும் அஸ்பார்ட்டையும் ஒரே நேரத்தில் போட்டாலும் தனித்தனி ஊசி, தனித்தனி இடம் என்று வலியுறுத்தினார்.

மாற்றிய முதல் சில நாட்களில் முற்பகல் 11 மணி வாக்கில் 66 வந்தது. 15 கிராம் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்ததில் 94. மருத்துவமனைக்குச் சொன்னபோது, காலை உணவுக்கான அஸ்பார்ட்டில் ஒரு யூனிட்டைக் குறைக்கச் சொன்னார்கள். முன்பெல்லாம் அந்தக் காலை அஸ்பார்ட்டின் ஒரு பகுதி வேறு எதற்கோ ஈடுகட்டிக்கொண்டிருந்திருக்கிறது போலும். இப்போது ரயிலை விட்டு இறங்கும்போது 125 முதல் 150 வரையில் இருக்கிறது.

ஊசிமுனை

மிக நன்று. இரவு 2 மணிக்கும் சில நாள் பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு ஊசிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரங்களில்தான் இப்போது கவனம் தேவை. அலுவலகத்தில் மின்தூக்கி பழுதாகி ஐந்து மாடி ஏற நேர்ந்தாலும் முற்பகல் எண் இறங்கும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

வியாசர்பாடி_மகன்

மருந்தாளுநர் அண்ணனுக்கு நன்றி. அப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் தொப்புளுக்கு வலப்புறம் இரண்டு விரல் அகலத்துக்குத் தடித்திருந்தது. "அங்கே போட்டால் வலிக்காதுடா, அதனால்தான்" என்கிறார். மருத்துவமனையில் காட்டினோம். அந்த இடத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஊசியையும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் போடச் சொன்னார்கள். நல்ல இடத்தில் போடும்போது மருந்து முழுவதும் ஏறிவிடும் என்பதால் அளவையும் சற்றுக் குறைத்தே கொடுத்திருக்கிறார்கள்.

மருந்துச்சீட்டு

அளவைக் குறைத்தது சரியான முடிவு தம்பி. அதைக் கேட்காமல் இடத்தை மட்டும் மாற்றியவர்கள் தாழ்சர்க்கரையோடு திரும்பி வருவதுண்டு. மதிய எண் எப்படி இருக்கிறது?

வியாசர்பாடி_மகன்

200-ஐ ஒட்டி வருகிறது அண்ணா. சோற்றுக் கரண்டியை அம்மா மாற்றிவிட்டார். அப்பா அதை இன்னும் கவனிக்கவில்லை.

தாம்பரம்_லோக்கல்

தனிச்செய்தியில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுந்தால் காலைக் கிளார்ஜினை என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார். மருத்துவரிடம் நானும் அதைக் கேட்டேன். ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் பாதகமில்லை, அதற்கு மேல் வேண்டாம் என்றார். ஆகவே எட்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஊசியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் படுத்துவிடுகிறேன். கிளார்ஜினுக்கு மட்டுமானால் உடனே சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. அஸ்பார்ட்டை எழுந்து இட்லியைத் தட்டில் வைக்கும்போதுதான் எடுக்கிறேன். இரண்டு பேனாக்களும் ஒரே உயரம் என்பதால், தூக்கக் கலக்கத்தில் மாறிவிடாமல் இருக்கக் கிளார்ஜின் பேனாவில் ஒரு ரப்பர் வளையம் சுற்றி வைத்திருக்கிறேன்.